வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள்

வேன் செவிலிமேட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது ரோட்டில் சாமந்திப் பூவும் பொரியும் மிதிபட்டுக் கிடந்தன. நதியா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டாள். அப்பா வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டியை இரண்டு பேர் டெம்போவில் ஏற்றினார்கள். வீடு கழுவிய தண்ணீர் வாசல்படி இறங்கிச் சாக்கடைக்கு ஓடியது.

உங்கப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லையாம், போய்ப் பார்க்கலாம். சுற்றுலா போயிருந்த ஏற்காட்டில் மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவள் கணவன் ஆனந்தராஜ் அவ்வளவுதான் சொன்னான். வழியெல்லாம் அவள் ஆஸ்பத்திரி, டிரிப்ஸ் என்றே நினைத்துக்கொண்டு வந்தாள். வாலாஜாவில் மாமியாருக்காக வண்டியை நிறுத்தியபோது அவளும் ஒரு டீ குடித்தாள்.

அம்மா எல்லம்மாள் ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. "இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் ராமராஜன் பாலாற்றங்கரைச் சுடுகாட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். விடியற்காலையிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டானாம். தூரத்தில் இருக்கும் பெண்ணிடம் நேராகச் சொல்ல வேண்டாம், வழியில் அழுது மயங்கி விழுவாள் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். அப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் ஆனந்தராஜ் இதோ வந்துகொண்டே இருக்கிறோம் என்றிருக்கிறான்.

"ஆம்பூர் தாண்டிட்டோம்னு சொன்னாரு நதியா. அத நம்பி சாயந்தரம் வரைக்கும் வச்சிக்கினு இருந்தேன். நாளைக்கு சனிக்கிழமை. அதுக்கு மேல தெருவுல ஒத்துக்கல."

சனிக்கிழமை பிணம் எடுத்தால் அது துணைக்கு இன்னொரு உயிரைக் கேட்கும் என்று அந்தத் தெருவுக்குப் பயம். பாடையில் கோழி கட்டி எடுக்கலாம் என்று ராமராஜன் சொல்லிப் பார்த்திருக்கிறான். யாரும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

ஆனந்தராஜ் போட்டது வேறு கணக்கு. ஐஸ் பெட்டி இருக்கிறது, எப்படியும் மறுநாள் காலையில்தான் எடுப்பார்கள், அதற்குள் போட்டிங்கை முடித்துவிடலாம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை. சுற்றுலா போனவனுக்குக் கிழமை எதற்கு?

அவனைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"பசங்க ரொம்ப ஆசையா இருந்தாங்க. எங்கம்மாவும் எங்கயும் போனதில்ல. போன உயிர் போனதுதானே நதியா, ஓடி வந்தா மட்டும் திரும்பிடுமா?"

உயிரை யார் கேட்டது? முகத்தைத்தானே கேட்டாள். நெற்றியில் காசு வைத்துக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருப்பாள். அப்பா காசிநாதன் தண்ணி டேங்கில் வேலை பார்த்தவர். தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிட்டு, யாரும் குறை சொல்லக் கூடாது என்று சொந்தத் தெருவுக்குக் கடைசியாகத்தான் விடுவார். ஊருக்கே காத்திருந்த மனுஷனுக்காக ஒரு போட் காத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். பிள்ளையார்பாளையம் போகும் ரோட்டில் இருக்கும் ஃபிளெக்ஸ் கடை அது. காரியம் முடிந்து வரக் கூடாதா என்று கடைக்காரி சங்கரி கேட்டதற்கு, வீட்டில் இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் என்றாள்.

சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இரண்டு வரி அவள்தான் எழுதுவாள். படிக்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள் என்று அவளுக்குப் பேர். கடைசி மூச்சுவரை கூடவே இருந்தோம் என்று எத்தனை குடும்பத்துக்கு எழுதியிருப்பாள்! அதில் எத்தனை பேர் எந்த ஏரியில் போட் விட்டுக்கொண்டிருந்தார்களோ.

பதினாறாம் நாள் பேனருக்கு அண்ணன் வாட்ஸப்பில் அப்பா படத்தையும் பெயர்களையும் அனுப்பியிருந்தான். மகன், மருமகன், பேரன்கள். பெண்கள் பெயர் போடும் வழக்கமில்லை. இத்தனை வருஷமாக அவளும் ஏன் என்று கேட்காமல் அப்படியேதான் அடித்துக்கொடுத்தாள்.

மத்தியானம் ஆனந்தராஜ் கடைக்கு வந்தான். கோட்டு போட்ட தன் படத்தைப் போனில் காட்டினான்.

"இத கீழ வட்டத்துல போட்டுடு. மருமகன்னு கொஞ்சம் பெருசா தெரியட்டும். காரியத்துக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து வருவாங்க."

"மருமகன் பேரு இதுல வராது."

"என்ன பேசிக்கினு இருக்குற? ஊரு கேக்கும்."

"கேட்டா, ஏற்காட்டுல போட்டுல இருந்தேன்னு சொல்லுங்க."

அவன் சங்கரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீயும்தான் போட்டுல இருந்த."

நதியாவின் விரல்கள் கீபோர்டின்மேல் நின்றுவிட்டன. இருந்தாள்தான். சிரித்துக்கூட இருந்தாள். செத்துக் கிடக்கும் அப்பாவுக்கு ஒரு மகள் செய்யக் கூடாததை அவளைச் செய்யவைத்துவிட்டு, அதையே எடுத்து அவள்மேல் வீசுகிறான். கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் கையில் இருந்தது கீபோர்டு.

எப்போதும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் வரிகள் வரவில்லை. மலர், தீபம், கண்ணீர் எல்லாவற்றையும் அடித்து அடித்து அழித்தாள். கடைசியில் அப்பா படத்துக்குக் கீழே ஒரே வரி நின்றது. 'அப்பா, உங்கள் முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. மகள் நதியா.'

"இத ஊரு பூரா படிக்கும்," என்றான் ஆனந்தராஜ்.

"படிக்கட்டும்."

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். சங்கரி பின்னால் வந்து நின்று அந்த வரியைப் படித்தாள். மெஷினில் புது ரோலை மாட்டினாள்.

பேனர் மேலிருந்து மெல்ல மெல்ல வந்தது. முதலில் வெறும் நீலம். பிறகு நரைத்த தலைமுடி, நெற்றி, புருவம். சாதாரணமாக இந்த நேரத்தில் நதியா டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள். மீசை வந்துகொண்டிருந்தபோது சங்கரி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"முகம் முழுசா வந்துடட்டும்க்கா," என்றாள் நதியா.

மெஷின் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது.