நியூட்ரலில் உருளும் வேன்

1
இந்தக் கதைக்குக் காரணம் டீசல் விலை. உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. நான் கிடங்கில் இரவுப் பணி பார்த்த காலத்தில், விடிந்ததும் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்ட வேன் ஓட்டுநருக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்பார். அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'பூமியின் ஆழத்தில், கோடானுகோடி ஆண்டுகளாக உறங்கிக்கிடந்த அந்தக் கறுப்புத் திரவம்...' வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: தண்ணீர்த்தொட்டி மேட்டின் உச்சிக்கு வந்ததும் அவர் கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைப்பார். சரிவு முழுக்க வேன் தானாக உருளும்.* டீசல் மிச்சம். அவருக்கு நியூட்ரல் அண்ணன் என்று பெயர் வந்தது இப்படித்தான். இரவெல்லாம் பெல்ட் ஓடும் இரைச்சலில் பெட்டி அடுக்கிய எங்கள் காதுகளுக்கு அந்தச் சரிவில்தான் முதல் நிசப்தம். யாரும் பேசமாட்டோம். அவர் மிச்சம் பிடித்தது டீசல். எங்களுக்குக் கிடைத்தது அந்த நிசப்தம்.

(* எஞ்சின் அணைந்தால் பிரேக் ஒழுங்காகப் பிடிக்காது. படித்துவிட்டு யாரும் முயல வேண்டாம்.)

2
ஊர் எல்லையில் துளையிட்டு எண்ணெய் கண்டுபிடித்தார்கள். சோதனைக்கு எரித்த வாயுவின் தீ வேனிலிருந்தே தெரிந்தது. நம் மண்ணிலேயே எண்ணெய், இனி டீசல் விலை இறங்காமல் எங்கே போகும் என்று நியூட்ரல் அண்ணன் அந்த வாரமே வேனின் முதுகில் பெயின்ட்டால் எழுதிவிட்டார்: 'கட்டணம் குறைக்கப்பட்டது.'

[இத்தனை வருடம் வண்டி ஓட்டியவர் இவ்வளவு அப்பாவியா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அன்று தெருவே அப்படித்தான் நம்பியது. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.]

துளையிடும் இடத்தில் குழாய் மாட்டும் வேலையில் இருந்த அவர் மைத்துனர்தான் சாப்பிடும்போது போட்டு உடைத்தார்.

"மாமா, நம்ம மண்ணுல எடுத்தா நமக்குன்னு தனி விலையா? உலகத்துல என்ன விலை போகுதோ, அதான் இங்கயும்."

"அப்புறம் எதுக்கு மாப்ள அவ்வளவு ஆழம் தோண்டுனீங்க?"

"வெளியில வாங்குறது கொஞ்சம் குறையும். நாட்டுக்கு நல்லது. உங்க டேங்குக்கு அது தெரியாது."

[இங்கே உலகச் சந்தை பற்றி நீளமாக எழுதி அடித்துவிட்டேன். நிறைய இடத்தில் நிறைய எடுத்தால், வருடங்கள் கழித்து விலை கொஞ்சம் அசையலாம். அவர் டேங்கை நிரப்ப வேண்டியதோ நாளைக் காலை.]

அடுத்த வாரம் டீசல் இன்னும் ஏறியது. எழுதியதை அழிக்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. எங்களோடு பெட்டி அடுக்கிவிட்டு வந்து முன்சீட்டில் உட்காரும் கண்ணாடி அக்கா பழைய கட்டணத்தையே நீட்டினார். வேனுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் பார்க்கவில்லையா என்றார் நியூட்ரல் அண்ணன்.

"எங்க தெரியுது? கண்ணாடிய மாத்தணும்."

மறுநாளிலிருந்து வேனில் எல்லோருக்கும் பார்வை மங்கிவிட்டது.

3
அதுவும் போதவில்லை. அப்போதுதான் மைத்துனர் இன்னொரு சேதி கொண்டுவந்தார். எண்ணெய்க் கம்பெனி ஆட்களை ஏற்றிவர வேன் வேண்டுமாம்; டீசல் அவர்களே நிரப்புவார்களாம். நேரம்தான் இடித்தது. நாங்கள் வீடு திரும்பும் அதே விடியற்காலை. போனால் அவர் வேன் பிழைக்கும். நாங்கள் லாரி ஓடும் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு நடக்க வேண்டும். போகாவிட்டால் சீக்கிரமே வேனை விற்க வேண்டும்.

அவர் அதை எங்களிடம் மறைக்கவில்லை. கண்ணாடி அக்காதான் பதில் சொன்னார்.

"போறதுன்னா போங்க தம்பி. ஒருத்தரும் சாபம் விடமாட்டோம். பின்னாடி எழுதுனத மட்டும் அழிச்சிட்டுப் போங்க, சிரிப்பா சிரிக்கிறாங்க."

"கண்ணு தெரியலன்னீங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4
முடிவு ஒன்று: அவர் போகிறார். பிள்ளைகுட்டிக்காரர், குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முடிவு இரண்டு: போகவில்லை. அடுத்த விலையேற்றம் வரை எல்லோரும் சந்தோஷமாக...

முடிவு மூன்று: நாடெங்கும் எண்ணெய் பொங்கி, விலை சரிந்து, (இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

அவர் கம்பெனிக்குப் பதில் சொல்லும் முன்பே நான் கிடங்கு வேலையை விட்டுவிட்டேன். விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்கவில்லை. எப்படி முடிந்தாலும் எனக்கு நட்டமில்லை. அப்படிப்பட்டவன் முடிவு சொல்லக் கூடாது.

வேன் இப்போது மேட்டின் உச்சியில் நிற்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டார். சரிவின் அடியில் சாலை பிரிகிறது: இடப்பக்கம் அந்த எண்ணெய்க் கிணற்றுத் தீ, வலப்பக்கம் எங்கள் தெரு. எந்தப் பக்கம் போனாலும் என் நன்றியில் மாற்றமில்லை. எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சரிவு முடியும்வரை அவசரப்படாதீர்கள். உள்ளே ஆட்கள் தூங்குகிறார்கள்.