மேல்குழாயில் ஒரு கோடு

சைக்கிள் கிளப்பில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்கடை அக்கா. வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். பந்தயத்துக்கு வைத்திருந்தது டைட்டானியம் சைக்கிள். "கடையில மிஞ்சின ஃபிரேமையெல்லாம் உருக்கி வண்டி பண்ணிக்கிட்டா" என்று முதலில் கிளப்பிவிட்டது அவளுடைய தம்பிதான். அவன் கார்பன் ஃபைபர் சைக்கிள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் மலைச்சாலையில் ஏறும்போது மூச்சு வாங்குவதைவிட வாயடிப்பதுதான் அதிகம் இருக்கும்.

"நான் மிதிச்சா மிதி நேரா சக்கரத்துக்குப் போகுதுக்கா. உன் வண்டியில வளைஞ்சு நெளிஞ்சு, நாலு பேரை விசாரிச்சுட்டுப் போகுது."

"போகட்டும். என்னோடது அடிபட்டா நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். உன்னோடது வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள நொறுங்கிக் கிடக்கும். அதை நம்பி எப்படிடா உக்கார்ற?"

"உன்னை நம்பி உன் பின்னாடியே வரலையா?"

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

கார்பன் சைக்கிள் அவன் மகளுக்கு வந்தது. அவளுக்கும் அப்பாவின் உயரம், அப்பாவின் நீளக் கால். அடுத்த வருடம் அவள் முதல் பெரிய பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தாள்.

"பெடலை மட்டும் மாத்திக் குடுங்க அத்தை. எனக்குக் கழல மாட்டேங்குது."

"உங்கப்பன் இறுக்கினது. லேசுல கழலுமா? போய் முகம் கழுவிட்டு வா."

பின்அறையில் ரிப்பேர் ஸ்டாண்டு இருந்தது. சைக்கிளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கவ்வி. அக்கா பழக்கப்படி, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் மேல்குழாயைக் கவ்வியில் கொடுத்துத் திருகினாள். டைட்டானியம் குழாயை அங்கே பிடித்தால் ஒன்றும் ஆகாது; எத்தனையோ வருடமாக அப்படித்தான் பிடித்திருக்கிறாள். கார்பனை அப்படிப் பிடிக்கக் கூடாது, சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பியில்தான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பெடலை நெம்பியபோது சைக்கிள் சுழன்றது. கவ்வியை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

நகம் ஒடிவது போல ஒரு சத்தம்.

கவ்வியைத் தளர்த்திப் பார்த்தாள். கறுப்புக் குழாயில் மயிரிழை போல ஒரு கோடு. கட்டை விரலால் அழுத்தினாள். குழாய் மெல்ல உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"என்ன அத்தை அது?" முகத்தைத் துடைத்துக்கொண்டே தம்பி மகள் அறை வாசலில் நின்றாள்.

"விரிசல்."

"எப்படி?"

சொல்லியிருக்கலாம். கை தவறிவிட்டதென்று ஒரே வரியில் முடிந்திருக்கும். கார்பனைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், ஒன்றும் தெரியாதவள் போலக் கவ்வியில் கொடுத்து நசுக்கியிருக்கிறாளே என்ற கூச்சம் நாக்கை முந்திக்கொண்டது.

"பழசும்மா. உங்கப்பா எங்கயாவது விழுந்திருப்பான். சொல்லாம விட்டிருப்பான். இதுல ஏறாத. இறக்கத்துல போறப்ப ரெண்டா போயிடும்."

அந்தப் பெண் கிட்டே வந்தாள். கோடு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே போய் கோச்சுக்குப் போன் செய்தாள். கிளப் சைக்கிள் ஒன்றைத் தருவதாக அவர் சொல்லிவிட்டார். அதோடு பிரச்சினை தீர்ந்ததென்று அக்கா தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் காலையில் தம்பி மனைவி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"அண்ணி, எங்க விழுந்தாருன்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"இல்லம்மா. அது எப்பவோ..."

"விழுந்தா அன்னிக்கே வீட்டுல சொல்லணும்னு பேச்சு. சிக்னல்ல நின்ன இடத்துலயே சாஞ்சதைக்கூட வந்து சொல்லிச் சிரிப்பாரு. இதை மறைச்சிருக்காரே. இதை மறைச்சவரு, நெஞ்சு வலிச்சதையும் மறைச்சுத்தானே இருந்திருப்பாரு? நான் பக்கத்துலயேதான் இருந்தேன் அண்ணி."

"வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள். கடைக்கு லீவு சொன்னாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கட்டிக்கட்டிப் பார்த்தாள். எப்படிக் கட்டினாலும் அசிங்கமாகவே நின்றது.

தம்பி மனைவி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி அவனுடைய சைக்கிள் சட்டைகள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, முழங்கை இடத்தையும் தோளையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேய்ந்த இடம், கிழிந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று. மகள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அவன் விழலம்மா" என்றாள் அக்கா, செருப்பைக் கூடக் கழற்றாமல். "நான்தான் உடைச்சேன். ஸ்டாண்டுல தப்பா மாட்டி இறுக்கிட்டேன். பழியைத் தூக்கி அவன் மேல போட்டேன்."

தம்பி மனைவி நிமிர்ந்தாள். "விழவே இல்லையா?"

"இல்ல."

"நிஜமா அண்ணி? என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லலையே?"

"குழாய் உடைஞ்ச சத்தத்தை நானே கேட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. தம்பி போன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை அக்கா பார்த்ததில்லை. "அப்ப எங்கிட்ட மறைக்கல" என்றாள், மகளைப் பார்த்து. பிறகு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "வாய் தவறிடுச்சு, விடுங்க. இப்பவாவது சொன்னீங்களே."

அக்காவுக்குக் கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"சைக்கிள் போனது போகட்டும் அத்தை" என்றாள் தம்பி மகள் சுவரோரத்திலிருந்து. குரல் உயரவில்லை. "வந்து பதில் சொல்ல மாட்டார்னுதானே அப்பா மேல போட்டீங்க?"

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்றாள் அவள் அம்மா.

"கேக்கட்டும்மா" என்றாள் அக்கா. "ஆமா. அதனாலதான்."

தம்பி மகள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தரையில் கிடந்த அப்பாவின் சட்டைகளில் அக்கா இன்னும் கழற்றாத செருப்புக்குப் பக்கத்தில் கிடந்ததை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்தாள்.