வலது கை நீங்கலாக

அறுவை சிகிச்சையில் என் மனைவியின் பயிற்சி முடிய ஐந்து வாரம் இருந்தது. அவளுக்கு ஊனக் காப்பீடு எடுக்கும் வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். உடம்புக்கு ஏதாவது ஆகி டாக்டர் தொழில் பார்க்க முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் காப்பீடு அது. அலுவலகத்தில் எனக்குப் படிவம் சரிபார்க்கும் உத்தியோகம். நாலு இடத்தில் விசாரிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

பயிற்சி முடிப்பவர்களுக்கென்று ஆஸ்பத்திரி வழியாகவே ஒரு காப்பீடு இருந்தது. பரிசோதனை கிடையாது, நோய் பற்றிய கேள்வியும் கிடையாது.

"அதுலயே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேனே" என்றாள்.

"அது எங்க ஓடிடப் போகுது? வெளியிலயும் கேட்டுப் பாப்போம்."

"சரிங்க ஆபீசர். உங்க கட்டம் நிரம்பினாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்."

நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று கட்டம் கட்டி அட்டவணை போட்டேன். அதில் நல்லதாகப் பட்ட ஒரு வெளிக் கம்பெனிக்கு அவளிடம் கையெழுத்து வாங்கி விண்ணப்பம் அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. சில மாதங்களுக்கு முன் அவளுடைய வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன. கூடப் படித்த நரம்பு டாக்டர் டீ குடிக்கும்போது கையை அமுக்கிப் பார்த்து, மறுநாள் நட்புக்காக ஒரு பரிசோதனையும் செய்தார். நட்புக்குச் செய்ததையும் ஒழுங்காகக் கணினியில் ஏற்றிவைத்திருந்தார். கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

"போனாப் போகுது, ஆஸ்பத்திரி காப்பீடு இருக்குல்ல" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி காப்பீட்டைக் கவனிக்கும் ஏஜெண்ட் அம்மா வீட்டுக்கு வந்து அந்தப் படிவத்தை மேஜையில் விரித்தார். அதில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்களுக்குக் காப்பீடு மறுத்ததுண்டா?

"ஆமான்னா தர மாட்டாங்க. இதை முதல்ல போட்டிருந்தீங்கன்னா தொல்லையே இல்ல சார்" என்றார்.

"இல்லைன்னு எழுதினா?" என்று கேட்டேன். பத்தொன்பது வருஷமாகப் பிறர் படிவத்தில் பொய் தேடியவன் நான்.

"இன்னைக்கு யாரும் பாக்க மாட்டாங்க. கை விழுந்து நீங்க பணம் கேக்கிற அன்னைக்குத்தான் பாப்பாங்க."

மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏஜெண்ட் அம்மா இன்னொரு தாளை எடுத்தார். வேறொரு கம்பெனி சம்மதிக்குமாம். நிபந்தனை ஒரே வரி: வலது கை நீங்கலாக.

"பரவால்லயே! இடது கை, ரெண்டு காலு, காது, மூக்கு எல்லாம் பத்திரம்" என்று சிரித்தாள். "இனிமே காலால ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

ஏஜெண்ட் அம்மாவும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கையெழுத்துப் போடும்போது பேனா ஒருமுறை நழுவியது. எடுத்து, போட்டு முடித்தாள்.

அவர் போன பிறகு, தினமும் செய்வதுபோல நாற்காலிக் கையில் நூலைக் கட்டி ஆபரேஷன் தையல் முடிச்சுப் பழகினாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"கட்டத்துல என்னை எந்தப் பக்கம் போடப் போறீங்க?" என்றாள், தலை நிமிராமல்.

அவள் நூலை இழுத்தாள். முடிச்சு விழவில்லை, நூல் விரலிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அது விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. வெறும் விரலால் இழுத்துக்கொண்டிருந்தாள்.