மிச்சப் பாதி

கிறிஸ்துமஸைத் தாண்டினாலே பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் சர்ச் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரம் சாப்பாட்டோடு துக்க முகத்தைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் ஹார்லன் உள்ளே உயிரோடுதானே இருமிக்கொண்டிருந்தான்!

ஹார்லனுக்கோ பணக் கவலை. அயோவாவின் டிராக்டர் தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த ஓய்வுக்காலச் சேமிப்பு அது. எடுக்கும்போதெல்லாம் வரி. இப்போதே வரியைக் கட்டி ‘ராத்’ கணக்குக்கு மாற்றிவிட்டால், பிறகு ஆர்டிஸ் எடுக்கும்போது வரி கிடையாது. வரிக் கணக்கு பார்க்கும் கெண்ட்ராவை வீட்டுக்கே வரவழைத்தான்.

“மொத்தத்தையும் இந்த வருஷமே மாத்திடு, கெண்ட்ரா. தம்பதிக்கு வரி கம்மி. அடுத்த வருஷம் இவ ஒண்டிக்கட்டை, மொட்டையடிச்சிடுவாங்க.”

“ஒரேயடியா மாத்தினா வரி எகிறிடும், ஹார்லன். மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும் கூடும். ரெண்டு வருஷமாப் பிரிச்சா நல்லது. ஜனவரியில ஒரு நாள் நீங்க இருந்தாலும் அந்த வருஷம் பூரா தம்பதிக் கணக்குதான். ஆனா...” கெண்ட்ரா காபிக் கோப்பைக்குள் பார்த்தாள்.

“பாதியை மட்டும் மாத்து,” என்றாள் ஆர்டிஸ். “மிச்சத்துக்கு ஜனவரியில கையெழுத்துப் போடுவான்.”

“இருந்தாத்தானேடி?”

“இருந்து தொலை. கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன், சாவுக்கு மட்டும் என்ன அவசரம்?”

“நான் போயிட்டா நீதான் கூடுதலா வரி கட்டணும்.”

“கட்டிக்கிறேன். என் பாடு.”

அவன் முறைத்தான். அவளும் முறைத்தாள். கடைசியில் பாதிக்குத்தான் கையெழுத்துப் போட்டான்.

டிசம்பரில் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். ஆர்டிஸ் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “பாதிப் பணம் அப்படியே நிக்குது, கிழவா,” என்று ஸ்பூனை நீட்டினாள். திட்டிக்கொண்டேதான் விழுங்கினான்.

புத்தாண்டு பிறந்தது. மறுநாளே பனியில் காரை உருட்டிக்கொண்டு கெண்ட்ரா வந்தாள். மிச்சம் முழுவதையும் மாற்றும் படிவத்தை நீட்டினாள். ஹார்லனுக்குத் தலை நிற்கவில்லை, ஆர்டிஸ் தாங்கிக்கொண்டாள். அவன் நிதானமாகப் படித்தான்.

“முழுசும் வேண்டாம். இதுலயும் பாதியை மாத்து.”

கெண்ட்ரா திகைத்தாள். “அப்போ மிச்சம்?”

“அடுத்த ஜனவரிக்கு. இவ என்னை விடமாட்டா.”

ஆர்டிஸ் பேனாவை அவன் விரல்களுக்குள் திணித்தாள்.

“கோணாமப் போடு,” என்றாள்.