எங்க பிள்ளை இல்லைங்க

மதலேனாவை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏமாந்துதான் போவார்கள். முகம் சீன முகம். அந்த முகத்துக்குப் பின்னால் எண்ணெய் தடவி வாரிய நீளப் பின்னல், அதில் தேக்கா கடைத்தெருவில் வாங்கிய மல்லிகைச் சரம். வாயைத் திறந்தால் தமிழைத் தவிர வேறொன்றும் சரளமாக வராது. ஒருநாள் பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், "சீனத்தி பூ வச்சிருக்கா பாத்தியா? நம்மாளு எவனையோ மடக்கிட்டா போல" என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு வந்தார்கள். இறங்கும் இடம் வந்ததும் மதலேனா எழுந்து, "கொஞ்சம் வழி விடுங்கக்கா, நான் இன்னும் யாரையும் மடக்கலை" என்றாள். அந்தப் பெண்கள் தலை நிமிரவில்லை.

இப்படிச் சிரித்துச் சமாளித்தவைதான் அதிகம். சிரிக்க முடியாதவையும் உண்டு. லூர்து மாதா கோயில் பாடகர் குழுவில் பெர்னார்ட் என்ற நல்ல பையன் இருந்தான். அவன் தாயார் பெண் பார்க்க வந்து, முறுக்கும் கேசரியும் தின்று, காப்பியையும் குடித்து முடித்த பிறகு, "பேரப்பிள்ளை எந்த முகத்துல பொறக்குமோ, யாரு கண்டா" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். அதோடு சரி. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த சீனப் பெண்களோ, அப்பன் பாட்டன் மொழி தெரியாதவள் என்று முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் மனுஷி எங்கேதான் நிற்பாள்? மதலேனா தன் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அங்கே மட்டும் யாரும் அவளிடம் கணக்குக் கேட்டதில்லை.

அம்மா பிலோமினம்மாள் அவளைப் பெற்றவள் அல்ல. அது மதலேனாவுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தெரியும். வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. ஐம்பதாம் வருடம் சீனர்களுக்குப் புலி வருடம். புலி வருடத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ பிறந்த குழந்தையைக் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுவிட்டுப் போக, வெகுகாலமாக வயிறு திறக்காத பிலோமினம்மாளும் துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் புருஷன் இயேசுதாசனும் அதைத் தூக்கிவந்தார்கள். இயேசுதாசன் செத்துப்போன பிறகு ரோச்சோர் அடுக்குமாடி வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். அடுத்த வீட்டில் பூவம்மா இருந்தாள். பழைய கம்பத்துக் குடிசையில் இருந்த நாளிலிருந்தே பிலோமினம்மாளுக்குக் கூட்டாளி. தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்துமஸ் பலகாரமும் இரண்டு வீட்டுக்கும் பொது.

எண்பதாம் வருடம் ஜூன் மாதம் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுத்தார்கள். ஒரு சாயங்காலம் சுப்பிரமணியம் என்ற பள்ளிக்கூட வாத்தியார் கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக வந்து கதவைத் தட்டினார். மதலேனாவின் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"உள்ள வாங்க சார், வேர்த்து ஊத்துது உங்களுக்கு. தண்ணி குடிக்கிறீங்களா?"

வாத்தியார் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்து பெயர், வயது, வேலை என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். இனம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"ஐசி அட்டையில சைனீஸ்னுதான் இருக்கும்" என்றாள் மதலேனா, குரல் இறங்கி.

"ஐசி எதுக்குலா? நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் எழுதுவேன். மூஞ்சியப் பாத்து எழுதுறது என் வேலை இல்லை."

மதலேனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலும் பதிவு அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அவளைக் கேட்டு எழுத வந்த முதல் ஆள் இவர்தான். அதைத் தனியாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"அம்மா, இங்க வாங்களேன்! கவர்மெண்டு ஆளு வந்திருக்காங்க."

அந்த ஆசைதான் வினையாயிற்று. பிலோமினம்மாள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அட்டையைப் பார்த்தாள், கோப்பைப் பார்த்தாள், மதலேனாவின் பெயருக்கு எதிரே நின்றிருந்த பேனாவைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் முன்பே படபடவென்று சொன்னாள்.

"சீனப் பிள்ளைங்க ஐயா. எங்க பிள்ளை இல்லைங்க. சிஸ்டருங்க குடுத்தாங்க, வளர்க்குறோம், அவ்வளவுதான்."

வாத்தியார் சங்கடத்தோடு மதலேனாவைப் பார்த்தார். "அவுங்களே சொல்லட்டுமே."

"அவங்க சொன்னதையே எழுதிக்கிங்க சார்" என்றாள் மதலேனா.

ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். பஸ்ஸில் ஊரார் பேசியதற்கு உடனே பதில் வைத்திருந்தவள், பெற்றவளுக்கு மேலாக நினைத்திருந்தவள் சொன்னதைக் கேட்டதும் வாத்தியாருக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள். வாத்தியார் எழுதிக்கொண்டு போனார். பிலோமினம்மாள் கதவைச் சாத்திவிட்டு மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அது எதற்கு என்று மதலேனா கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். தமிழ் இதற்கெல்லாம் வசதியான பாஷை. "சாப்பாடு வச்சிருக்கு", "போயிட்டு வர்றேன்", "மாத்திரை போட்டாச்சா?" என்று யாரையும் விளிக்காமலே குடும்பம் நடத்திவிடலாம். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஊர் மெச்சியது. அந்த ஒரு சொல்லை மட்டும் தரவில்லை. கிழவி அதற்காகக் காத்திருந்தது, மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் முகத்தை நிமிர்த்திப் பார்ப்பதில் தெரிந்தது.

பூவம்மாவுக்கு விஷயம் தெரிந்து ஒருநாள் கேட்டாள். "ஏதோ வாய் தவறி ஒரு வார்த்தை. நெருப்புன்னு சொன்னா வாயா வெந்துரும்?"

"சொன்னவங்களுக்கு வேகாது அத்தை. எனக்கு வெந்துருச்சு."

எண்பத்து மூன்றில் பிலோமினம்மாளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாளுக்கு நாள் ஆள் கரைந்தாள், நினைவும் வந்து வந்து போயிற்று. ஒரு மத்தியானம் மதலேனாவும் பூவம்மாவும் கட்டிலோரம் இருந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்த சீன நர்ஸ் ஒருத்தி வந்தாள். நோயாளியைப் பார்த்தாள், மதலேனாவைப் பார்த்தாள். மாண்டரினில் என்னவோ கேட்டாள். மதலேனா விழித்ததும் ஆங்கிலத்தில், "குடும்பத்து ஆட்கள்தான் இருக்கலாம். நீங்கள் யார்?" என்று கேட்டாள்.

பிலோமினம்மாள் கண்ணைத் திறந்தாள். சீருடை கண்ணில் பட்டதுதான் தாமதம், எங்கிருந்துதான் பலம் வந்ததோ, மதலேனாவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"எங்க பிள்ளை இல்லைங்க. சீனப் பிள்ளைதாங்க."

சாகக் கிடக்கும்போதுமா! கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். பிடி விடவில்லை. கிழவி மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பேசினாள்.

"நாங்க திருடலைங்க. பொய் சொல்லலைங்க. உண்மையச் சொல்லிட்டோம்ல, விட்டுருங்க. கூட்டிட்டுப் போயிராதீங்க. எங்கிட்டயே இருக்கட்டும்."

அதற்குள் பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட, நர்ஸ் அங்கே திரும்பினாள். பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அடிப்பாவி, இன்னுமா அந்தப் பயம் விடலை உனக்கு? அன்னைக்கு நீ வாய் தவறிச் சொன்னதாக்கும்னுல்ல நினைச்சேன். உனக்குத் தெரியாது மதலேனா, நீ அப்ப கைக்குழந்தை. மலாய்க்கார அம்மா ஒருத்தி ஆசையா வளர்த்த வெள்ளைக்காரப் பிள்ளைய, கோர்ட்டு பிரிச்சுப் பெத்தவங்ககிட்ட குடுத்துருச்சு. ஊரே பத்தி எரிஞ்சுது. கோர்ட்டுல போய் உன்னை முறையா தத்து எழுதி எடுக்கணும்னு சொன்னாங்க, உங்கப்பா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. அந்தக் கலவரத்துக்கப்புறம் உங்கம்மா அந்தப் பக்கமே போக விடலை. போனா பிடுங்கிக்குவாங்களாம். யூனிபாரமோ அட்டையோ போட்டவன் எவன் கேட்டாலும், எங்க பிள்ளை இல்லைன்னு முந்திக்கிட்டு உண்மையச் சொல்லிரணும், அப்பத்தான் திருடினோம்னு தூக்கிட்டுப் போகமாட்டாங்கன்னு அவளா ஒரு கணக்கு வச்சிருந்தா."

"எனக்கு முப்பது வயசு அத்தை அப்ப! முப்பது வயசுக்காரியை யாரு தூக்கிட்டுப் போவா?"

"அவளுக்கு நீ வளரவே இல்லையே."

மதலேனா அந்தக் கையைப் பார்த்தாள். எலும்பும் தோலுமான விரல்கள் பதிந்து அவள் மணிக்கட்டு சிவந்திருந்தது. மூன்று வருடமாக இந்த மனுஷியை அந்த ஒரு சொல்லுக்குப் பட்டினி போட்டோமே என்று நினைத்து, உருவப் பார்த்த கையை அப்படியே விட்டுவைத்தாள். மகளைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் அம்மா அவளைத் தன் பிள்ளை இல்லை என்றாள். ஒரு தடவை, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டிருந்தால் போதும். வீம்பு பிடித்துக் கேட்காமல் விட்டாள்.

நர்ஸ் திரும்பி வந்தாள். அவளும் பாவம், நல்ல பெண்தான். நோயாளி ஏதோ வேதனையில் கத்துகிறாள் என்று நினைத்து, "அவர் என்ன சொல்கிறார்? வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

பிலோமினம்மாள் மறுபடியும், "எங்க பிள்ளை இல்லைங்க" என்று முனகினாள்.

மதலேனா கண்ணைத் துடைக்காமலே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

"நான் அவங்க மகள்னு சொல்றாங்க."

நர்ஸ் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையசைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்டே நகர்த்திப் போட்டுவிட்டுப் போனாள்.

"போயிட்டாங்களா?" என்றாள் பிலோமினம்மாள்.

"போயிட்டாங்கம்மா."

"உன்னைக் குடுன்னு கேக்கலியே?"

"கேக்கலைம்மா. இங்கதான் இருக்கேன்மா. அம்மா. பாருங்கம்மா."

கிழவிக்கு மறுபடியும் நினைவு போயிற்று. காய்ச்சல் திரும்ப ஏறியிருந்தது. மதலேனா அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.