ஏழாவது வளைவில் இரண்டு ஹாரன்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. போடியில் மாலை நேரக் கணினி வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரி அனுப்பிரியாவிடம் கேட்டு வாங்கியது. “எழுதிக்க. ஆனா எங்கப்பா வண்டியக் கவுத்துராத” என்றாள். சரி என்றேன். அதன் பிறகு இது மூன்றாவது தொடக்கம்.

2

முதல் தொடக்கம்: ‘குரங்கணிக்கு மேலே மூடுபனி…’ (அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.)

இரண்டாவது: அனுப்பிரியா பகலில் ஏலக்காய் தரம் பிரிப்பவள். நிறம் மங்கிய ஒரு காய்கூட அவள் விரலுக்குத் தப்பாது. (இதுவும் வேண்டாம். ஆனால் உண்மை.)

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஒரு கணினி விளையாட்டு அவளுக்குப் பிடிக்கும். போன வருடம் அந்தக் கம்பெனியே ரசிகர்களுக்கு ஒரு கருவியைக் கொடுத்தது. சாலை, வண்டி, விதி எல்லாம் நாமே செய்துகொள்ளலாம். நான்கு மாதம் உட்கார்ந்து, குரங்கணியிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையைச் செய்தாள். அதில் அவள் அப்பா ராக்கையா உரமூட்டை ஏற்றிய ஜீப்பில் ஏறுவார். ஏழாவது வளைவுக்கு முன்னால் இரண்டு ஹாரன். மேலிருந்து இறங்கும் கார் ஒதுங்கி நிற்கும். எங்கள் மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அப்பா கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போவார்.

இரண்டு வருடத்துக்கு முன், நிஜத்தில், சுற்றுலா வந்த ஒரு கார் நிற்கவில்லை. ராக்கையாவின் ஜீப்பு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

3

பாதையை வெளியிட, திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடிக்க வேண்டும்: ‘பிறரும் இதை மாற்றலாம்.’ அடித்தாள்.*

ஒரே மாதத்தில், எங்கள் வகுப்பில் படிக்கும் தேவாரத்து ஆதித்தன் ஓடிவந்தான். “அக்கா, ஒங்க ரோட்டக் கொஞ்சம் மாத்தி விட்டேன். பதினோராயிரம் பேரு டவுன்லோடு பண்ணிட்டாங்க!”

திரையில் அப்பா இரண்டு ஹாரன் அடித்தார். கார் நிற்கவில்லை. ஜீப்பு பள்ளத்தில் உருண்டது. மேலே ஐம்பது பாயிண்டு மின்னியது.

“ஏன்டா இப்பிடிப் பண்ணுன?”

“ஹாரன் அடிச்சா நிக்கிற காரை எவன்க்கா வெளையாடுவான்? கவுத்தாத்தான கிக்கு.”

“ஓட்டுறது எங்கப்பாடா.”

அவன் முகம் செத்துப்போனது. தன் பதிப்பை அங்கேயே அழித்தான். அதற்குள் அதிலிருந்து நாற்பது பேர் நாற்பது விதமாகக் கவிழ்த்திருந்தார்கள். எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினாள் அனுப்பிரியா. ‘நீங்களே அனுமதித்ததுதான்’ என்று பதில் வந்தது.

* அடிக்கச் சொன்னது நான். “ஒன் ரோட்ட எவன்டி மாத்தப் போறான்? வெரசா அடி, பஸ்சு போயிரும்.” அன்றைக்கு என் நாட்குறிப்பில்கூட இதை நான் எழுதவில்லை.

4

நேற்று இதுவரை எழுதியதைப் படித்தாள். மூன்றாம் பகுதியில் விரல் நின்றது, மங்கிய காயைக் கண்டதுபோல.

“நீயும் கவுத்துட்டேல்ல?”

ஹாரன் அடித்தால் நிற்கிற காரை யார் படிப்பார்கள் என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போனாள்.

முடிவு என்று நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. ராக்கையா ஏறிக்கொண்டிருக்கிறார். ஏழாவது வளைவுக்கு முன்னால் இரண்டு ஹாரனும் அடித்தாயிற்று.

மேலிருந்து இறங்கி வருவது நீங்கள்தான்.