கத்துகிறவன் காத்திருக்கலாம்

பயிற்சி வீடியோவில் ஒரு பேருந்து கவிழ்ந்து கிடக்கும். ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு ஊரையே கூட்டிக்கொண்டிருப்பான். மூலையில் ஒரு பெண் சத்தமில்லாமல் சரிந்திருப்பாள். யாரை முதலில் பார்ப்பது என்று கேட்டபோது, பயிற்சிக்கு வந்த நர்ஸ் முதல் தடவை கத்துகிறவனைத் தேர்ந்தெடுத்தாள். திரையில் அந்தப் பெண் செத்துப்போனாள்.

"கத்துறவனுக்கு மூச்சு இருக்கும்மா. வாயே திறக்காதவங்களை முதல்ல பாரு," என்றார் பயிற்சி கொடுத்த டாக்டர்.

அதன்பிறகு அவள் பிசகவே இல்லை. கத்துகிறவனுக்குக் காத்திருக்கலாம் என்ற மஞ்சள் பட்டை, அந்தப் பெண்ணுக்கு உடனே பார்க்க வேண்டிய சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள்.

இன்று நிஜமாகவே ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டது. அவசரப் பிரிவுக்குள் ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றிலிருந்து, "அக்கா! வலி தாங்கலக்கா!" என்று அலறல் கேட்டது. அவளுடைய தம்பி.

ஓடிப்போய்க் குனிந்தாள். தொடையில் ரத்தம். மூச்சையும் நாடியையும் பார்த்தாள், பரவாயில்லை.

"இதோ வந்துடறேன்டா," என்று மஞ்சள் பட்டையைக் கட்டினாள்.

"போகாதக்கா!"

சட்டையைப் பற்றியிருந்த அவன் விரல்களைப் பிய்த்தெடுத்துவிட்டு, மூலையில் அசைவில்லாமல் கிடந்த பெரியவரிடம் ஓடினாள். தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழிசெய்தாள். முதுகுக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கத்துடா, என் ராசா, நல்லாக் கத்து என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

பெரியவர் இருமினார். மூச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன வீடியோவில் கத்துகிறவன் கடைசிவரை கத்திக்கொண்டேதான் இருப்பான்.

பின்னால் தம்பியின் சத்தம் நின்றிருந்தது.